குடும்பத்துக்கு ஒரு கேடயச் சின்னம்: மலையகத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு

பாடசாலைக் கழுத்துப்பட்டியில், தேயிலைப் பெட்டியில், ஆயர் இல்லத்து வாசலில் என்று கேடய வடிவச் சின்னங்களை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம். அவை எல்லாம் நிறுவனங்களுடையவை, இல்லாவிட்டால் பெரிய பதவியில் இருப்பவர்களுடையவை. லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் தன் குடும்பத்துக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளலாமா? தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கலைக்கு ஓர் இலக்கணம் உண்டு. அதை அறியாமல் வரைந்தால் படம் அழகாக வரலாம், சின்னமாக நிற்காது.

இது 12ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவில் தோன்றிய பழக்கம். போர்க்களத்திலும் போட்டிக் களத்திலும் தலைக்கவசம் முகத்தை மூடிவிடும். கேடயத்தில் தீட்டியிருப்பதைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். ஆவணங்களில் மெழுகு முத்திரை வைக்கவும் அதே சின்னம் பயன்பட்டது. முத்திரை எல்லோருக்கும் தேவைப்பட்டதால் வணிகரும் கைவினைஞரும், சுவிட்சர்லாந்து போன்ற இடங்களில் விவசாயிகளும்கூடத் தங்களுக்கென்று சின்னம் வைத்துக்கொண்டார்கள். ஆகவே கவ்வாத்து வெட்டியவரின் பேரன் கேடயம் வரைந்தால் அது யாருடைய உரிமையிலும் கை வைப்பதாகாது.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை

“உங்கள் குடும்பப் பெயருக்கான புராதனச் சின்னம்” என்று இணையத்தில் விற்பார்கள். வாங்காதீர்கள். இங்கிலாந்தின் மரபில் சின்னம் குடும்பப் பெயருக்கு உரியதல்ல. ஓர் ஆளுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. அங்கே அதை வழங்குவது 1484இல் நிறுவப்பட்ட ‘காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்’. நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. அப்பாவின் பெயர்தான் முன்னெழுத்து, தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். அப்படியிருக்க ‘ராமசாமி குடும்பச் சின்னம்’ என்று ஒருவர் விற்றால், எந்த ராமசாமி என்று கேளுங்கள்.

இலங்கையில் தனியாருக்குச் சின்னம் வழங்கும் அலுவலகம் இல்லை. நீங்களே அமைத்து நீங்களே ஏற்றுக்கொள்வதுதான் வழி. ஸ்கொட்லாந்தில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே லோர்ட் லயன் என்ற அதிகாரியிடம் பதியாத கேடயச் சின்னத்தைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். எடின்பரோவில் இருக்கும் மருமகனுக்குப் பரிசாக அனுப்ப நினைத்தால் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு பக்கம் எழுதுங்கள்

பென்சிலை எடுத்து உடனே கேடயம் வரையாதீர்கள். முதலில் குடும்பக் கதையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்? தாத்தா செய்த வேலை எது, கையில் பிடித்த கருவி எது? அப்பாயி கொழுந்து எடுத்த மலைக்குத் தோட்டத்தில் என்ன பெயர்? காமன் கூத்தில் வேஷம் கட்டியவர் இருந்தாரா, தப்பு அடித்தவர் இருந்தாரா? 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் 1964 ஒப்பந்தமும் குடும்பத்தை எப்படிப் பிரித்தன, யார் இந்தியா போனார், யார் நின்றார்? வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த வேலையை ஒத்திப்போடாதீர்கள்.

எழுதி முடித்ததும் அதில் வரும் பொருள்களின் கீழே கோடிடுங்கள். பத்துப் பதினைந்து வரும். அதிலிருந்து இரண்டு, மிஞ்சினால் மூன்று. மற்றதை எல்லாம் விட்டுவிட வேண்டும். புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். மலை, அருவி, ரயில், கூடை, கொழுந்து, உதயசூரியன், புத்தகம், குத்துவிளக்கு எல்லாவற்றையும் ஒரே கேடயத்தில் அடைப்பார்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எதுவுமே தெரியாது.

படி 2: எதை எடுப்பது, எதை விடுவது

கொழுந்து யாருக்கும் முதலில் தோன்றும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் நல்ல வடிவம்தான், எளிதாக வரையலாம், தூரத்திலும் தெரியும். ஆனால் மலையகத்தில் எல்லோரும் அதையே வைத்தால் அது எல்லோருடைய சின்னமாகும், உங்களுடையதாகாது. சமூகத்தின் அடையாளம் வேறு, ஒரு வீட்டின் அடையாளம் வேறு. கொழுந்து வேண்டுமென்றால் கூடவே உங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய ஒன்றும் இருக்கட்டும்.

சிங்கத்தைத் தவிர்ப்பது நல்லது. வாளேந்திய சிங்கம் நாட்டின் கொடியிலும் அரச இலச்சினையிலும் இருக்கிறது; தேயிலைப் பொதிகளில் வரும் சிங்கச் சின்னம் இலங்கை தேயிலைச் சபைக்குச் சொந்தம். புலி சோழருடையது என்று நாம் சொல்லலாம், ஆனால் இலங்கையில் அதைப் பார்க்கிறவர் மனதில் ஓடுவது வேறு. வாசற்பலகைக்குப் பக்கத்தில் நின்று யாருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது? சேரரின் வில்லும் பாண்டியரின் இணைக்கயலும் சிக்கலற்றவை. ஆனாலும் சேலத்திலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ வந்த உழைப்பாளியின் குடும்பத்தைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: ‘குலச்சின்னம்’ என்ற பெயரில் சாதிச் சங்கத்து அடையாளத்தைக் கேடயத்தில் ஏற்றும் வேலை வேண்டாம். அதைச் சுமக்கப் பேரப்பிள்ளைகளுக்கு எந்த அவசியமும் இல்லை.

எடுக்கத் தக்கவை ஏராளம். கவ்வாத்துக் கத்தி, மம்பட்டி, தப்பு, கொழுந்துக் கூடை எல்லாமே வெளிக்கோட்டிலேயே தெரியக்கூடிய வடிவங்கள். விலங்கென்றால் சிறுத்தை, மரை, காட்டுக்கோழி. பூவென்றால் ஹோட்டன் சமவெளியில் செக்கச்செவேலென்று பூக்கும் மகாரத்மல், அல்லது பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவையே நிறைக்கும் குறிஞ்சி வகைகள். எம்பெக்கே தேவாலயத்து மரத்தூண்களில் இருதலைப் பறவை செதுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புனித ரோமப் பேரரசின் சின்னமும் இருதலைக் கழுகுதான்! ஆகவே இந்தக் கலைக்கும் நம் மலைக்கும் ஒட்டுறவே இல்லை என்று நினைக்க வேண்டாம்.

பெயரிலிருந்து சின்னம் எடுப்பதும் பழைய வழக்கம். ஸ்பெயினின் கஸ்தீல் நாடு கோட்டையை வைத்தது, லெயோன் நாடு சிங்கத்தை வைத்தது, இரண்டும் பெயரைப் படமாக்கியவை. நம் பெயர்கள் இதற்கென்றே அமைந்தவை போலிருக்கும். வேலு என்றால் வேல், மயில்வாகனம் என்றால் மயில், பூங்கொடி என்றால் கொடி. அப்பா பெயரிலிருந்து ஒன்று, அம்மா பெயரிலிருந்து ஒன்று என்று எடுத்தாலே பாதிக் கேடயம் முடிந்துவிடும்.

படி 3: நிறம்

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் போவோம், ஏனென்றால் இலக்கணத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கேடயக் கலையில் நிறங்கள் இரண்டு கூட்டம். ஒன்று உலோகங்கள்: பொன், வெள்ளி. வரையும்போது மஞ்சளும் வெள்ளையும். மற்றது வண்ணங்கள்: சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா. விதி ஒன்றே ஒன்று: வண்ணத்தின் மேல் வண்ணம் வராது, உலோகத்தின் மேல் உலோகம் வராது. அழகுக்காக வந்த விதியல்ல இது, கண்ணுக்காக வந்தது. கடும் நிறத்தின் மேல் வெளிர் நிறம் இருந்தால்தான் தூரத்தில் தெரியும். கருஞ்சிவப்புத் தளத்தில் பொன்னிறச் சிங்கம் உள்ள நம் தேசியக் கொடியைப் பாருங்கள், எவ்வளவு தூரத்தில் பறந்தாலும் சிங்கம் சிங்கமாகத் தெரிகிறது. விதியை மீறியதில் பெயர்பெற்றது ஜெருசலேம் அரசின் சின்னம்: வெள்ளித் தளத்தில் பொற்சிலுவைகள். அப்படி மீறும் தைரியம் முதல் கேடயத்திலேயே வேண்டாம்.

மலையகத்துக்காரர் கையில் பென்சிலைக் கொடுத்தால் என்ன வரைவார்? நீல வானத்தின் கீழே பச்சை மலை. நீலத்தோடு பச்சை உரசிக்கொண்டு நிற்கும். கேடயத்தை மலைமுகடு போன்ற கோட்டால் இரண்டாகப் பிரித்து, மேலே நீலம் கீழே பச்சை என்று தீட்டினால் விதிப்படி அது குற்றமல்ல, ஏனென்றால் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் பாகங்களுக்கு விதி அவ்வளவு கண்டிப்பாகப் பொருந்தாது. ஆனாலும் அந்தி நேரத்தில் இரண்டும் ஒரே இருட்டாகிவிடும். தீர்வு நம் வாசலிலேயே இருக்கிறது. நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் காலையில் மலையைச் சுற்றி நிற்கும் பனிமூட்டம் என்ன நிறம்? வானத்தை வெள்ளியாக்கிவிடுங்கள். வெள்ளித் தளத்தில் பச்சை மலை தெளிவாக நிற்கும், நம் ஊர் வானத்துக்கும் அதுதான் பொருத்தம். தேயிலை நிரைகளைக் காட்ட வேண்டுமா? பச்சையும் வெள்ளியுமாக மாறிமாறி வரும் நெளிபட்டைகள் போதும். இலை ஒன்றுகூட வரையாமல் தேயிலை மலை வந்துவிடும்.

நிழல், பளபளப்பு, நிறம் மெல்ல மாறுவது எதுவும் வேண்டாம். எந்தப் பச்சை என்ற கேள்வியும் வராது. பச்சை என்றால் பச்சை. கரும்பச்சையா இளம்பச்சையா என்பது வரைபவர் விருப்பம்.

சிவப்பு என்றால் வீரம், நீலம் என்றால் உண்மை என்று பட்டியல் போட்டுத் தருவார்கள். அவை பெரும்பாலும் பிற்காலத்தில் கட்டிய கதைகள். ஆதியில் நிறத்துக்கு நிலையான பொருள் எதுவும் கிடையாது. உங்கள் சிவப்பு மகாரத்மல் என்றால் மகாரத்மல், அம்மாவின் கல்யாணக் கூறை என்றால் கூறை. பொருளை நீங்கள் தருகிறீர்கள், அதை எழுதியும் வைக்கிறீர்கள். அவ்வளவுதான்.

படி 4: பட்டையும் பிரிப்பும்

கேடயத்தின் குறுக்கே ஓடும் பட்டைகள் பழமையானவை, எளிமையானவை. கிடைப்பட்டை, நிலைப்பட்டை, சாய்பட்டை, கூரை வடிவப் பட்டை, மேல் விளிம்புப் பட்டை இவை போதும். ஓரம் நேராக இருக்கலாம், நெளியலாம், பல்பல்லாக இருக்கலாம். நெளிந்த கிடைப்பட்டை ஆறு. மகாவலிக் கரைக்காரர் தயங்காமல் எடுக்கலாம். நெளிந்த ஓரமுள்ள கூரைப்பட்டை லயத்துத் தகரக்கூரையாகும்.

எனக்கு அதிகம் பிடித்தது சாய்பட்டை. பார்ப்பவரின் இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்ப்பக்கத்துக்கு இறங்கும் பட்டை இது. முதலில் வந்தவர்கள் தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள்; 2023இல் மலையகம் 200 நினைவாக அதே வழியில் மீண்டும் நடந்தார்கள். இலங்கை வரைபடத்தை எடுத்துத் தலைமன்னாரையும் மாத்தளையையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். வடமேற்கிலிருந்து தென்கிழக்கு, கேடயத்துச் சாய்பட்டை அப்படியே! அந்த நடையைக் காட்ட இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

இடம் வலம் பற்றி ஒரு சிறு குழப்பம் தீர வேண்டும். கேடயத்தின் வலம் என்பது அதைப் பிடித்திருப்பவரின் வலம். பார்ப்பவருக்கு அது இடப்பக்கம். விலங்குகள் வழக்கமாக அந்தப் பக்கம் பார்த்துத்தான் நிற்கும். சிறுத்தையை மறுபக்கம் திருப்பினால் எதிரிக்கு முதுகு காட்டி ஓடுவதுபோல் ஆகிவிடும்.

படி 5: சொல்லில் எழுதுங்கள், பிறகு வரையுங்கள்

இந்தக் கலையில் சட்டம் என்பது படமல்ல, வருணனை. ஒரே வருணனையை வைத்து இரண்டு ஓவியர்கள் இரண்டு விதமாக வரைந்தாலும் இரண்டும் ஒரே சின்னம்தான். அதனால் இரண்டு மூன்று வரியில் சொல்ல முடியாத சின்னம், சின்னமே அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதும் ஒழுங்கு இது: முதலில் தளத்தின் நிறம், அடுத்து முதன்மைப் பொருள், அதன் எண்ணிக்கை, நிறம், நிலை, கடைசியில் சுற்றியுள்ளவை.

கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுப்போம். தாத்தா தெமோதரைப் பக்கம் ரயில் பாதையில் வேலை செய்தவர். அப்பாயி கொழுந்து எடுத்தவர். அப்பா பெயர் வேலு. மகள் ஆசிரியை. அவர்கள் முதலில் தந்த பட்டியலில் ஒன்பது வளைவுப் பாலம், ரயில், கொழுந்து, கூடை, வேல், புத்தகம், எழுதுகோல், அருவி எல்லாம் இருக்கும். ரயில் வேண்டாம், பாலமே ரயிலைச் சொல்லும். கொழுந்து வேண்டாம், தளத்தைப் பச்சையாக்கினால் போதும். புத்தகமும் எழுதுகோலும் வேண்டாம். ஆசிரியர் வீடு தோறும் அவை இருக்கின்றன. மிஞ்சுவது பாலமும் வேலும். இப்போது வருணனை:

“பச்சைத் தளம். அதன் அடியில் மூன்று வளைவுள்ள வெள்ளிப் பாலம். பாலத்தின் மேல் நடுவே இலைவடிவத் தலையுடன் நிமிர்ந்து நிற்கும் பொன் வேல்.”

பாலத்துக்கு ஒன்பது வளைவு எழுதவில்லை, கவனித்தீர்களா? சின்ன அளவில் ஒன்பதும் சீப்புப் பல்லாகிவிடும். மூன்று போதும், வீட்டாருக்கு எந்தப் பாலம் என்று தெரியும். வேலின் தலையை விவரித்ததற்கும் காரணம் உண்டு. சும்மா வேல் என்று எழுதி வெளிநாட்டு ஓவியரிடம் கொடுத்தால் குதிரைவீரன் ஈட்டி வந்து நிற்கும்.

படி 6: கேடயத்துக்கு மேலேயும் கீழேயும்

முழு அமைப்பில் கேடயத்தின் மேல் தலைக்கவசம், அதன் மேல் முடிச்சின்னம், இருபுறமும் தொங்கும் துணி, கீழே குறிக்கோள் வாசகம் என்று வரும். இவற்றில் கட்டாயமானது எதுவும் இல்லை. கேடயம் மட்டுமே முழுச் சின்னம். இரும்புத் தலைக்கவசம் நம் கதையில் எங்கேயும் இல்லை, ஆகவே நான் அதை விட்டுவிடச் சொல்வேன். தலையில் ஏதாவது வேண்டும் என்றால் தலைப்பாகை வைக்கலாம். கத்தோலிக்க ஆயர்களின் சின்னத்தில் கவசத்துக்குப் பதில் பச்சைத் தொப்பியும் பக்கத்துக்கு ஆறு குஞ்சங்களும் இருக்கும். தொப்பி வரலாம் என்றால் தலைப்பாகையும் வரலாம்.

கேடயத்தின் இருபக்கமும் விலங்குகள் தாங்கி நிற்பது இங்கிலாந்தில் பிரபுக்களுக்கும், உயர்ந்த விருது பெற்ற சிலருக்கும், பெரிய நிறுவனங்களுக்கும் மட்டும் தரப்படுவது. தனியார் வைத்துக்கொண்டால் கொஞ்சம் தற்பெருமையாகத் தெரியும்.

வாசகம் குறுகியதாக இருக்கட்டும். ‘வேரூன்றினோம்’ என்ற ஒரு சொல் போதாதா? திருக்குறள் முழுவதையும் நாடாவில் எழுத இடம் இருக்காது. இங்கிலாந்து வழக்கில் வாசகம் சின்னத்தின் நிலையான பகுதி அல்ல. அடுத்த தலைமுறை விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம்.

படி 7: சோதித்துப் பாருங்கள்

வருணனையை மட்டும், படத்தைக் காட்டாமல், தெரிந்த பிள்ளை ஒன்றிடம் கொடுத்து வரையச் சொல்லுங்கள். வந்த படத்தில் உங்கள் சின்னம் இருந்தால் வருணனை சரி. அடுத்து, அதைத் தபால் முத்திரை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பிறகு கறுப்பு வெள்ளையில் போட்டோகொப்பி எடுத்துப் பாருங்கள்.

நிறமில்லாமல் நிறத்தைக் காட்ட ஒரு முறை இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் சில்வெஸ்டர் பெத்ரா சாங்க்தா என்ற இயேசு சபைத் துறவியின் நூல் வழியாகப் பரவியது. பொன்னுக்குப் புள்ளிகள், வெள்ளி வெறுமை, சிவப்புக்கு நிலைக்கோடுகள், நீலத்துக்குக் கிடைக்கோடுகள், பச்சைக்குப் பார்ப்பவரின் இடது மேலிருந்து வலது கீழே இறங்கும் சாய்கோடுகள், கறுப்புக்குக் குறுக்கும் நெடுக்குமான கட்டக் கோடுகள். இறப்பர் முத்திரை செய்யும்போது இது கைகொடுக்கும்.

போனில் கேட்டவுடன் படம் வரைந்து தரும் செயலிகளை இந்த வேலைக்கு நான் நம்புவதில்லை. பளபளப்பும் சுருள்களும் அள்ளித் தெளித்துத் தரும். எத்தனை வளைவு என்று எண்ணித் தராது. இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் நீங்களே கோடாகப் போட்டால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது.

படி 8: யாருக்குப் போகும்

ஐரோப்பிய மரபில் மகன் வழியாகத்தான் சின்னம் போகும். மூத்தவன், இளையவன் என்று பிரித்துக் காட்டச் சிறு அடையாளங்கள் சேர்ப்பார்கள். கனடா 1988இல் தனக்கென்று ஓர் அமைப்பை ஏற்படுத்தி, மகள்களுக்கும் சமமாகக் கொடுக்கிறது. நாம் தொடக்கத்திலேயே அப்படி எழுதி வைத்துவிடலாம். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிச் சுமந்தவர்கள் பெண்கள். அந்தக் கூடை வரைந்த கேடயம் மகளுக்குப் போகாது என்றால் எப்படி?

கல்யாணத்தில் இரண்டு சின்னங்களையும் ஒரே கேடயத்தில் பக்கம் பக்கமாக வைக்கும் வழக்கம் உண்டு. நம்மவர்களும் இதற்குப் புதியவர்கள் அல்லர்: சோழர் செப்பேட்டு முத்திரைகளில் குடைக்குக் கீழே புலியோடு கயலும் வில்லும் சேர்ந்து நிற்கின்றன. அவர்கள் சேர்த்தது வெற்றியைக் காட்ட. அழைப்பிதழில் நீங்கள் சேர்ப்பது சம்பந்தத்தைக் காட்ட.

படி 9: பதிவும் செய்விப்பதும்

வருணனை, ஒவ்வொன்றின் பொருள், யாருக்குச் செல்லும் என்ற விதி, திகதி, கையொப்பம் இவை ஒரே தாளில் இருக்கட்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடட்டும். பிரதிகள் வேறு வேறு வீடுகளில் இருக்கட்டும். நீங்கள் வரைந்த ஓவியத்துக்குப் பதிப்புரிமை தானாகவே உண்டு. கடைக்கோ வீட்டுத் தயாரிப்புக்கோ வியாபாரக் குறியாகப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் மட்டும் கொழும்பிலுள்ள தேசிய புலமைச்சொத்து அலுவலகத்தில் பதிய வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் அதற்குரியது. நாட்டின் கொடியையோ இலச்சினையையோ ஒத்த குறியை அங்கே பதிய முடியாது.

உலோகத்தில் வேண்டுமென்றால் பிலிமத்தலாவைப் பித்தளை வேலைக்காரர்களிடம் போகலாம், மரமென்றால் எம்பெக்கேச் சுற்றுவட்டாரத்தில் செதுக்குபவர்கள் இருக்கிறார்கள். படத்தோடு வருணனைத் தாளையும் கொடுத்து, எது அலங்காரம், எதை மாற்றக்கூடாது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். மோதிரத்தில் பொறிக்கச் சொன்னால் மெழுகில் முத்திரை குத்தவா, வெறுமனே அணியவா என்றும் சொல்ல வேண்டும். முத்திரைக்கென்றால் இடம் வலம் மாற்றிக் குழிவாக வெட்ட வேண்டும், அணிவதற்கென்றால் நேராக.